விலாங்கு அப்பிய சேறு

அந்தக் காலத்தில் மீன்கள் பேசின. பேசியதோடு நிற்கவில்லை, கூட்டம் போட்டன, கோரிக்கை வைத்தன, ஊர்வலமும் போயின. ஒரு கோடையில் கடலரசன் ஆற்று முகத்துவாரத்தை மணலால் அடைத்துவிட்டான். ஆற்றுக்குத் திரும்ப வழியில்லாமல் ஆயிரக்கணக்கான மீன்கள் கடலில் சிக்கிக்கொண்டன.

வளை வளையாக நுழைந்து, தூங்கியவரை எழுப்பி, பயந்தவருக்குத் தைரியம் சொல்லி, அரசனிடம் முறையிடக் கூட்டம் சேர்த்தது விலாங்குதான். உடம்பெல்லாம் சிராய்ப்பு. ஆனால் அரசன் இருப்பதோ வெயில் எட்டாத ஆழத்தில். அங்கே போக வெளிச்சம் வேண்டும். நெற்றியில் நீல விளக்கோடு பிறந்த விளக்குமீனை முன்னால் நிறுத்தினார்கள். வந்து மூன்றே நாள் ஆன விளக்குமீனைப் பார்த்து, "தலைவர் வாழ்க!" என்றது கூட்டம்.

விலாங்குக்கு வயிறு எரிந்தது.

"அவன் ஒரு வளைக்குள்ள நுழைஞ்சிருப்பானா?" என்று கெளுத்தியிடம் பொருமியது.

"நுழையல அண்ணே. ஆனா அவன் வந்தா கண்ணு தெரியுது. நீங்க வந்தா இடிச்சாத்தான் தெரியுது" என்று கெளுத்தி மீசையை ஆட்டிச் சிரித்தது.

அன்றே விலாங்கு ஒரு முடிவு செய்தது. உடம்பில் பழைய ரத்தம் சிதைந்து மஞ்சள் பித்தமாகும். அதை எல்லா மீன்களும் கழிவென்று வெளியே தள்ளிவிடும். விலாங்கு தள்ளவில்லை. 'என் ரத்தத்திலிருந்தே எனக்கு விளக்கு வரட்டும்' என்று கறுவிக்கொண்டு, பித்தத்தைத் துளித்துளியாகத் தசைக்குள் பூட்டி வைத்தது.

அடுத்த கூட்டத்தில் விளக்குமீன் பக்கத்தில் போய் நின்றதும், விலாங்கின் உடம்பு முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது.

"அடேயப்பா! அண்ணனைப் பாருங்கடா!" என்று கத்தியது கெளுத்தி.

தனியாக வளைக்குள் கிடக்கும்போது அந்தப் பச்சை ஏன் தெரியவில்லை என்று விலாங்கு அதிகம் யோசிக்கவில்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் எதற்கு ஒளிர வேண்டும் என்று ஒளியே அடங்கியிருக்கிறது என நினைத்துக்கொண்டது.

ஊர்வலம் கிளம்பியது. ஆழம் கூடக்கூட முழக்கமும் கூடியது. எல்லாம் விளக்குமீன் பேரில்தான். அரசனின் வாசலுக்குக் கூப்பிடு தூரம் இருக்கையில் விலாங்கால் பொறுக்க முடியவில்லை. 'இந்த நீலம் அணைந்தால் என் பச்சை மட்டும்தான் இருக்கும். வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன்.' வாய் நிறையச் சேற்றை அள்ளியது. பாய்ந்து விளக்குமீனின் நெற்றியில் அப்பியது.

நீலம் போனது. அந்த நொடியே பச்சையும் போனது.

பின்னால் வந்தவர் முன்னால் போனவர்மேல் மோதினார். குஞ்சுகள் அலறின. விலாங்கு தன் உடம்பைத் திரும்பிப் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. தன் வாலே தனக்குத் தெரியவில்லை.

"யாரும் நகராதீங்க, நான் துடைச்சுக்கறேன்" என்றது விளக்குமீன். நெற்றியைப் பாறையில் தேய்த்தது. நீல ஒளி பாய்ந்தது. பாய்ந்ததும் கூட்டத்தின் நடுவே விலாங்கு பச்சைப்பசேலென்று எரிந்தது, வாயெல்லாம் சேற்றோடு.

கெளுத்திதான் கேட்டது: "ஏன் அண்ணே, நீங்க சேர்த்த கூட்டம்தானே இது?"

விளக்குமீன் கோபப்படவில்லை. "அண்ணனோட பச்சை என் நீலம் பட்டாத்தான் வரும்போல. பக்கத்துலயே வாங்கண்ணே. நான் உங்கமேல அடிச்சுக்கிட்டே வரேன், எல்லாரும் உங்களையும் பார்க்கட்டும்."

திட்டியிருந்தால் விலாங்கு நின்றிருக்கும். இந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. வெளிச்சத்தைவிட்டு விலகி, வெறும் இருட்டுக்குள் தனியாகப் பாய்ந்தது. நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீந்தியது. தசைக்குள் பூட்டிய பித்தம்தான் அதைக் களைக்கவிடாமல் கொண்டுபோனது. ஊர்வலம் அதில்லாமலே வாசலை அடைந்தது. முகத்துவாரமும் திறந்தது.

அன்று முதல்தான் விலாங்கு, மற்றவர்கள் திறந்துவிட்ட முகத்துவாரத்தின் வழியாகத் தலைகுனிந்து ஆற்றுக்கு வந்துபோய், துணையில்லாமல் பெருங்கடலைக் கடக்கிறது. அன்று முதல்தான் நீல ஒளி பட்டால் அதன் தசை பச்சையாக மின்னுகிறது. எந்த ஒளி பட்டாலும் அது சேற்றுக்குள் ஓடி ஒளிகிறது.