பாறையைக் குத்தம் சொன்ன பூசாரி

போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்க. அந்தச் சீடை டப்பாவை இப்படி என் பக்கம் தள்ளு. உன் பக்கத்துல இருந்தா உனக்குத் தூக்கம் வராது. எனக்கா? அத்தைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பெரியவ. நான் நிறுத்துறப்பல்லாம் "ம்" சொல்லணும். சொல்லலைன்னா நீ தூங்கிட்டேன்னு கதையை மூட்டை கட்டிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பூசாரி. பேரு தவசி. தவம் அவரு பேருல மட்டும்தான் இருந்துச்சு. வயித்துப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கல.

அந்த ஊர் மலையடிவாரத்துல ரெண்டு பெரிய பாறை பக்கத்துப் பக்கத்துல நிக்கும். நடுவுல ஒரு இடுக்கு. வாசல்ல கொஞ்சம் அகலம், உள்ள போகப் போக ஒடுக்கம். நண்டு மாதிரி பக்கவாட்டா நடந்து போனா, கடைசில ஒரு சின்னக் குகை. குகைக்குள்ள இடுக்கம்மன். முழங்கை உசரம்தான் இருப்பா. ஆனா கண்ணு மட்டும் வெள்ளிக் கண்ணு. விளக்கு வெளிச்சத்துல மினுக் மினுக்குன்னு நம்மளையே பார்க்கும்.

தவசி பொறந்த அன்னிக்கே அவரைப் பெத்தவ போயிட்டா. அவரோட அப்பாவும் பூசாரிதான். பிள்ளைக்கு நடக்கத் தெரிஞ்சதும் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, "இவதாண்டா உன் ஆத்தா"ன்னு காட்டினாரு. பிள்ளை நம்பிட்டான். அன்னையிலேருந்து காலையில கண்ணு முழிச்சதும் உள்ள ஓடுவான். பல்லு விழுந்தது, வாத்தியார் அடிச்சது, எல்லாத்தையும் ஆத்தாகிட்டதான் சொல்லுவான். கல்யாணம் ஆகி, மீசை நரைச்ச பெறகும் அப்படித்தான். கேக்குறியா?

ம்.

அப்புறம் என்ன, பூசாரிக்குச் சாப்பாட்டுக்கா பஞ்சம்? செவ்வாய்க்கிழமை கொழுக்கட்டை வரும். வெள்ளிக்கிழமை சக்கரைப் பொங்கல் வரும். ஆடி மாசம் மாவிளக்கு, நெய் சொட்டச் சொட்ட வரும். "ஆத்தா பேருல வந்ததை வேணாம்னு சொன்னா ஆத்தா கோவிச்சுக்குவா"ன்னு சொல்லிச் சொல்லி, லபக் லபக்குன்னு உள்ள தள்ளுவாரு. ஆத்தா ஒரு நாளும் அப்படிச் சொல்லல. அவ பாட்டுக்குக் கல்லா இருந்தா.

அவரு பொஞ்சாதி ஒச்சம்மா. கெட்டிக்காரி. வருஷா வருஷம் ஆடியில புருஷனுக்குப் புது அரைஞாண் கயிறு கட்டி விடுவா. மொதல்ல ஒரு கயிறு போதும், மிச்சம் தொங்கும். அப்புறம் மிச்சம் இல்ல. அப்புறம் ரெண்டு கயித்தை முடிச்சுப் போட்டுக் கட்டினா. கடைக்காரன்தான், "வீட்டுல எத்தனை ஆம்பளை, அக்கா?"ன்னு கேட்டான்.

இப்படி இருக்கையிலே ஒரு ஆடி மொத வெள்ளி வந்துச்சு. ஊரே கூடி நிக்குது. உடுக்கை டும் டும்முனு அடிக்குது, பொம்பளைங்க குலவை போடுறாங்க. தவசி கையில விளக்கைத் தூக்கிட்டு இடுக்குக்குள்ள போனாரு. ஒரு அடி வெச்சாரு. ரெண்டாவது அடி வெச்சாரு. மூணாவது அடி வெச்சாரு பாரு, சரக். நின்னுட்டாரு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல.

அப்போ ஊர் நாட்டாமை, "என்ன பூசாரி, உள்ள என்ன பண்றீங்க?"ன்னாரு.

"வேண்டிக்கிட்டு இருக்கேன்"னு உள்ளேருந்து சத்தம் வந்துச்சு.

அரை மணி நேரம் வேண்டினாரு. பொறவு நாலு பேரு கையைப் பிடிச்சு இழுத்தாங்க. ரெண்டு படி நல்லெண்ணெய் ஊத்தினாங்க. ப்ளக்குன்னு வெளிய வந்து விழுந்தாரு. ஊரே அவரைப் பார்க்குது. உண்மை அவரு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா உள்ள மாட்டிக்கிட்டப்ப வேட்டி மடிப்புல இருந்த கொழுக்கட்டையை எடுத்து வாயில போட்டிருந்தாரு, அதனால உண்மைக்கு அங்க இடம் இல்ல. முழுங்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா?

ம்?

"பாறை வளர்ந்திருச்சு"ன்னாரு.

நீ சிரிக்கிறே. அந்த ஊர்ல ஒருத்தன்கூடச் சிரிக்கல. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நாட்டாமை ஓடிப்போயி கையால சாண் போட்டு அளந்தாரு. "ஆமா, போன வருஷம் ஒரு சாணும் நாலு விரலும் இருந்துச்சு, இப்ப ஒரு சாணும் மூணு விரலும்தான்"னாரு. போன வருஷம் அவரு அளக்கவே இல்ல, அது வேற விஷயம்.

அப்புறம் பார்க்கணுமே. மறுவாரமே ஒரு போர்டு வெச்சாங்க: "வளரும் பாறை. ஆண்டுக்கு ஒரு நெல்மணி வளரும்." டீக்கடைக்குப் பேரு "வளரும் பாறை டீ ஸ்டால்" ஆயிருச்சு. வேன் வேனா வெளியூர் ஜனம் வருது. அம்மனுக்கு ஒரு பானை பொங்கல், பாறைக்குத் தனியா ஒரு பானை பொங்கல். ரெண்டும் யாருக்குப் போச்சு? நீயே சொல்லு. ஆக, பாறை நல்லா வளர்ந்துச்சு.

ஆனா ஒண்ணு. யாரும் உள்ள போகக் கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. போனா பாறை மூடிக்கும்னு பயம். அப்போ விளக்கு? அதுதான் அதிசயம். தெனமும் விடிகாலையில இடுக்கு வழியா எட்டிப் பார்த்தா, உள்ள வெளிச்சம் தெரியும். "ஆத்தா தானே ஏத்திக்கிறா"ன்னு ஊர் பேசிச்சு. தவசியும் நம்பினாரு.

வெளிச்சம்தான் தெரிஞ்சுது. கண்ணு தெரியல. அந்த வெள்ளிக் கண்ணு. வாசல்ல நின்னு, "ஆத்தா, நான்தான்"னு கூப்பிடுவாரு. பாறையில பட்டு அவரு சத்தமே திரும்பி வரும். பெத்தவளைப் பார்க்காத பிள்ளைக்கு இருந்த ஒரே ஆத்தா அவ. ஒரு ஓரமா உக்காந்து அழுதாரு. அழுதாப் பசிக்கும். சாப்பிட்டாரு.

இரு, எனக்குத் தொண்டை காயுது. ஒரு சீடை போட்டுக்கிறேன். கடக். ம், எங்க விட்டேன்?

அப்போ தவசி ஒரு முடிவு பண்ணினாரு. "ஒச்சம்மா, நாளையிலேருந்து விரதம். சோத்தைத் தொட மாட்டேன்"னாரு. மறுநாள் பார்த்தா அஷ்டமி. அஷ்டமியில ஆரம்பிக்கலாமா? அடுத்த நாள் நவமி. அப்புறம் கரிநாள். அப்புறம் ஒரு கல்யாணம், போகலைன்னா அவங்க மனசு சங்கடப்படும். இப்படிப் பதினெட்டு நாள் கழிச்சு ஒரு நல்ல நாள் சிக்கிச்சு. விரதம் ஆரம்பிச்சாரு. விரதம்னா நம்ம ஊர்ல என்ன? சோறுதானே கூடாது, பலகாரம் உண்டே. காலையில பதினாலு இட்லி. மத்தியானம் அடை, வெண்ணெய் வெச்சு. சாயங்காலம் அவல் பாயசம், அதுல அரிசி இருக்குன்னு யாரு கண்டா? ஒரு மண்டலம் இப்படிப் பட்டினி கெடந்தாரு பாவம். ஒச்சம்மா மூணாவது கயித்தை முடிச்சுப் போட்டா.

ம்.

அப்புறம் ரெண்டாவது யோசனை. "தெனமும் மலையைச் சுத்தி நடக்கப் போறேன்"னு கெளம்பினாரு. தொம்மு தொம்முனு நடக்கறாரு. "வளரும் பாறைப் பூசாரி வர்றாருடி"ன்னு அங்கங்க ஜனம் கூடிருச்சு. ஒரு எடத்துல பானகம். ஒரு எடத்துல நீர்மோர். ஒரு எடத்துல சுண்டல், இன்னொரு எடத்துல அதே சுண்டல், ஆனா மாங்காய் போட்டது. வேணாம்னா அவங்க மூஞ்சி வாடிப் போகுமே. பாதி மலை சுத்தறதுக்குள்ள மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்கிச்சு. மீதி மலையை ஆட்டோவுல சுத்தினாரு.

மூணாவதா ஒரு வைத்தியர்கிட்ட போனாரு. அவரு ஒரு ஜாடி நெறைய லேகியம் குடுத்தாரு. "காலையில ஒரு நெல்லிக்காய் அளவு. நாப்பது நாளைக்கு வரும்"னாரு. தேனு விட்டு, நெய்யி விட்டுக் கிண்டின லேகியம். வாயில வெச்சா அப்படியே கரையுது. மூணாம் நாள் ஜாடி காலி. "நெல்லிக்காய் அளவுதானே சொன்னாரு?"ன்னு ஒச்சம்மா கேட்டா. "பாறையே வளருது, நெல்லிக்காய் வளராதா?"ன்னாரு.

சீடை ஒண்ணு இங்க உருண்டுச்சே. ஆங், கிடைச்சுது. கடக்.

இப்படியே தை மாசம் வந்துச்சு. ஒரு நாள் தவசிக்குச் சீக்கிரமே முழிப்பு வந்துருச்சு. முந்தின நாள் அம்மனுக்குச் சாத்தின வடைமாலை வாசல்ல தொங்குமே, அந்த நெனப்புதான். கிடுகிடுன்னு வந்து மாலையிலேருந்து ஒரு வடையைப் பிச்சாரு. வாய்கிட்ட கொண்டு போறாரு, உள்ளேருந்து பேச்சுச் சத்தம். பொம்பளைக் குரல். ஆத்தாதான் பேசுறான்னு பாறையில காதை வெச்சாரு.

ஆத்தா பேசல. ஒச்சம்மா பேசினா.

"எண்ணெய் ஊத்திட்டேன் ஆத்தா, சாயங்காலம் வரைக்கும் எரியும். உன் மகன் இன்னிக்கும் வர மாட்டாரு. அவருக்கு உன்மேல ஆசை இல்லாம இல்ல. சாப்பாட்டு மேல இன்னும் கொஞ்சம் சாஸ்தி. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. ராத்திரி குறட்டை நின்னுச்சுன்னா நான் எந்திரிச்சு மூக்குகிட்ட கையை வெச்சுப் பார்க்கறேன். எனக்குப் பயமா இருக்கு. அவருகிட்ட சொன்னா பாறையைச் சொல்லுவாரு. அதான் உங்கிட்ட சொல்றேன்."

ஊர்ல அத்தனை பேரு சேந்து அதிசயம்னு சொன்னது, வேற ஒண்ணுமில்ல, ஒச்சம்மா. வடை கையிலேருந்து நழுவி விழுந்துச்சு. ஒரு காக்கா எடுத்துட்டுப் போச்சு. தவசி அதைப் பார்க்கக்கூட இல்ல. சத்தம் போடாம வீட்டுக்கு வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்துக்கிட்டாரு. ஆனா அவருக்கு அழுகை வந்துச்சு. அன்னிக்கு மட்டும், அழுத பெறகு சாப்பிடல. கேக்குறியா?

ம்...

மறுநாள் நல்ல நாளான்னு அவரு பஞ்சாங்கம் பார்க்கல. பார்த்திருந்தா அது அஷ்டமி. எந்திரிச்சதும் நேரா இடுக்குக்குப் போனாரு. போற வரைக்கும் போய், தொப்பை எங்க முட்டுச்சோ அங்க பாறையில ஒரு குங்குமப் பொட்டு வெச்சாரு. வெளிய வந்து, பொங்கப் பானையை வரிசையில நின்ன ஜனத்துக்கே குடுத்துட்டாரு. வீட்டுல போயி, "ஒச்சம்மா, உனக்கு என்ன வெச்சிருக்கியோ அதுல எனக்கும் போடு"ன்னாரு. கம்மங்களியும் கீரையும் போட்டா. தின்னாரு. பசிச்சுது. ரொம்பப் பசிச்சுது. கண்ணு முன்னால கொழுக்கட்டை பறந்துச்சு. சில நாள் திருட்டுத்தனமா ஒரு சுண்டல் உள்ள போகும். அன்னிக்குப் பொட்டு ஒரு விரல் பின்னால வந்துரும். மறுநாள் மறுபடியும் போவாரு. தள்ளித் தள்ளி, மாசி, பங்குனின்னு, பொட்டு உள்ள போயிக்கிட்டே இருந்துச்சு.

ஜனம் சும்மா இருக்குமா? "பாறை எவ்வளவு வளருதுன்னு பூசாரி கணக்கு வெக்கிறாரு"ன்னு ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு கற்பூரம் ஏத்திச்சு.

அப்புறம் ஆடி மொத வெள்ளி. உடுக்கை டும் டும். தவசி விளக்கை எடுத்துக்கிட்டாரு. நாட்டாமை, "வேணாம் பூசாரி, பாறை நசுக்கிரும்"னாரு. ஒரு அடி வெச்சாரு. ரெண்டாவது அடி. மூணாவது அடி. பாறை முதுகுல உரசுது, வயித்துல உரசுது. மூச்சை இழுத்துப் பிடிச்சாரு. சர்ருன்னு உள்ள போயிட்டாரு.

உள்ள ஆத்தா அப்படியே இருக்கா. கண்ணு மினுக் மினுக்குன்னு. ஒரு வருஷமாச் சேர்த்து வெச்ச பேச்சு எவ்வளவோ இருந்துச்சு. "ஆத்தா, வந்துட்டேன்"னு மட்டும் சொன்னாரு. சொல்லிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி தரையில உக்காந்துட்டாரு.

வெளிய வந்ததும் ஊரே கூடி நின்னுச்சு. இந்தத் தடவை வாயில கொழுக்கட்டை இல்ல. "ஐயா, ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். பாறை வளரல. நான்தான் வளர்ந்தேன். இப்ப எளைச்சிருக்கேன். விளக்கு ஏத்தினது ஒச்சம்மா"ன்னாரு.

அப்போ நாட்டாமைக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்! பாறையே எறங்கி வந்து வழி விட்டிருக்கு, மனுஷன் தன்மேல பழியைப் போட்டுக்கிறாரு"ன்னாரு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. பொய்யை ஒரு நொடியில நம்பின ஊரு, உண்மையைக் கடைசி வரைக்கும் நம்பல. மறுவாரமே புதுப் போர்டு: "வழி விட்ட பாறை." பொங்கப் பானை ரெண்டு நாலாச்சு.

நாலு பானைக்கு நடுவுல தெனமும் உக்காந்து, ஒரு விரல் நக்கிட்டு, மிச்சத்தை ஜனத்துக்கு வாரிக் குடுத்துட்டு எந்திரிக்கணும். அதுதான் தவசி பண்ணின தவம்.

அன்னிக்குச் சாயங்காலம் ஒச்சம்மா புது அரைஞாண் கட்டி விட்டா. ஒத்தைக் கயிறு போதுமா இருந்துச்சு. நீளமா மிச்சம் தொங்குச்சு. "அதை வெட்டிரு, தொங்குது பாரு"ன்னாரு தவசி. அவ வெட்டல.

"இருக்கட்டும். உங்களை எனக்குத் தெரியும்"னா.

என்ன, "ம்"மையே காணோம்? கண்ணைத் தொறக்காம, கையை மட்டும் எதுக்கு டப்பாகிட்ட நீட்டறே? காலியா? நான் ரெண்டே ரெண்டுதான் எடுத்தேன். டப்பாதான் சுருங்கியிருக்கும்.

பூசாரி உள்ள போயாச்சு, கதை வெளிய போயாச்சு. நீயும் தூக்கத்துக்குள்ள போ, தங்கம்.