முந்நூறாவது படியில் நின்ற பல்லக்கு

“நிறுத்து! மொக்கையா, நிறுத்து!”

முன்னொரு காலத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு ராஜ்யத்தில், விகடகவி ஒருவன் இப்படிக் கத்திக்கொண்டே மலைப்படிகளில் ஓடி ஏறிக்கொண்டிருந்தான். பெயர் விருத்தகிரி. வயது ஐம்பது. தலைப்பாகை எந்தப் படியில் விழுந்ததோ, திரும்பிப் பார்க்க நேரமில்லை. காலையில் யாரோ அவன் வீட்டுக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். கூரை ஓட்டைப் பிரித்து இறங்கி வந்திருந்தான். முழங்கையில் ரத்தம்.

அவனுக்கு முன்னால், ஒரு தண்டனையைப் பார்க்கப் போகும் ராஜாவின் பல்லக்கு. அதற்கும் மேலே, அறுநூறு படிகள் முடிகிற உச்சி மண்டபத்தில், ஒரு சூட்டுக்கோல் கனலில் பழுத்துக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுதில் அது செங்கோடன் என்பவனின் நெற்றியில் பதியும்.

செங்கோடன் ராஜாவின் பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரில் ஒருவன். நேற்றுச் சந்தையிலிருந்து திரும்பியபோது கோட்டை வாசலில் மடியைச் சோதித்தார்கள். ஒரு கஞ்சாப் பொட்டலம். எவ்வளவு அடித்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. விடிந்ததும் மலைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். இன்று ஏழு பேர் எட்டுப் பேரின் பாரத்தைச் சுமந்தார்கள்.

எல்லாம் பத்து நாளைக்கு முன்னால் தொடங்கியது. நகர்வலத்தின்போது சாலையோரத்தில் ஒரு பரதேசி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. “நீ போப்பா, நான் அப்புறமா எந்திரிக்கிறேன்” என்று ராஜாவையே வழியனுப்பி வைத்தான். கஞ்சா மயக்கம் என்றார்கள். மறுநாளே சட்டம் வந்துவிட்டது: கஞ்சாவைத் தொடுகிறவன் குற்றவாளி, நெற்றியில் சூடு.

சட்டத்தை எழுதியவர் அரண்மனை எழுத்து வேலையைக் கவனிக்கும் ராயசம் பஞ்சநதம். அவரே ஒரு வரியைக் கூடச் சேர்த்தார். ‘குற்றவாளியின் கையால் சோறோ சேவையோ பெறுபவன் யாராயினும், அவனும் குற்றவாளி.’ விருத்தகிரி தினமும் மத்தியானம் பல்லக்குக் கொட்டகையில் உட்கார்ந்து, அந்த எட்டுப் பேர் ஆக்கிய சோற்றைத் தின்கிறவன் என்பது ஊருக்கே தெரியும். முதலில் செங்கோடன், அடுத்து விகடகவி. பஞ்சநதத்தின் கணக்கு அது. விகடகவியின் கேலிக்கு அவரைப் போலவே ஆளாகியிருந்த படைத்தலைவர், தளவாய் சிங்கமருக்கு அதைக் கேட்டதிலிருந்து நல்ல பசி.

மொக்கையன் முன்தண்டில் இருக்கும் மூத்த தூக்கி. அவன் நின்றான். பல்லக்கு நின்றது. இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு: அடிவாரத்தில் தூக்கிய பல்லக்கு உச்சியில்தான் தரையைத் தொட வேண்டும். நடுவழியில் ராஜாவின் கால் படியில் பட்டால் ராஜ்யத்துக்கு ஆகாது. அதனால் தூக்கிகள் ஆளுக்கொரு கவைக்கோல், நுனி இரண்டாகப் பிரிந்த கழி, வைத்திருப்பார்கள். நின்றால் தண்டை அதன்மேல் சாய்த்துக்கொள்வார்கள். அப்படித்தான் சாய்த்தார்கள்.

திரை விலகியது. “என்ன கூத்து இது, விருத்தகிரி?”

“கூத்துதான் மகாராஜா. மன்னிக்கணும், கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்.” படியில் உட்கார்ந்தேவிட்டான். அந்தக் களைப்பு இன்று ஓடிவந்த களைப்பு மட்டும் இல்லை. “மேலே போனதும் சூடு எத்தனை பேருக்கு?”

“ஒருவனுக்கு.”

“கோலை இன்னும் ரெண்டு நாள் காயவைக்கச் சொல்லுங்க. ஆள் நிறைய இருக்கு.” தலையைத் திருப்பினான். “மொக்கையா, நீ அதைத் தொடுவியா?”

மொக்கையன் அவனையே பார்த்தான். பேசிவைத்துக்கொண்டது எதுவும் இல்லை. ஆமாம் என்றால் நெற்றி போகும். இல்லை என்றால் செங்கோடனின் நெற்றி மட்டும் போகும்.

“தொடுவேன் சாமி.”

“நானும்தான்” என்றான் பின்னால் ஒருவன். “நானும் சாமி.” “எனக்கும் உண்டு.” ஏழு குரல்கள்.

பல்லக்கின் பின்னால் மற்றப் பெரியவர்களோடு நடந்து வந்த தளவாய் வாளில் கை வைத்தார். “திமிரைப் பாருங்கள்! ராஜாவைச் சுமந்துகொண்டே மயக்கமா?”

“சுமக்கும்போது யாருங்க தொடுவா?” மொக்கையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒருத்தன் கால் தப்பினா ஏழு பேரும் மகாராஜாவும் பாறையில கிடப்போம். இறக்கி வெச்ச பிறகுதான். இந்தத் தோளைப் பாருங்க.” துண்டை எடுத்தான். தோளில் தேங்காய் அளவுக்கு ஒரு காய்ப்பு. “ராத்திரி இது எங்களைத் தூங்க விடாது. நல்லதுன்னு நான் சொல்லலை. பாதிப் பேருக்கு இருமல் விடமாட்டேங்குது. ஆனா யார் வீட்டுல திருடினோம்? யாரை அடிச்சோம்?”

விருத்தகிரி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

“ராயசம், நீங்க சேர்த்த அந்த வரியைக் கொஞ்சம் படிங்களேன்.”

பஞ்சநதம் ஓலையைப் பிரிக்கவில்லை. முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது.

“சரி, நானே சொல்றேன். குற்றவாளி கையால சேவை பெறுபவன் யாராயினும் குற்றவாளி. மகாராஜா, இதோட முந்நூறு படி ஆச்சு. ஏழு குற்றவாளிங்க உங்களைத் தூக்கிட்டு வந்திருக்காங்க.”

“அது... அது அரசருக்குப் பொருந்தாது!” என்று பதறினார் ராயசம்.

“அப்படி எழுதலையே. யாராயினும்னு எழுதி, கீழே ராஜமுத்திரையும் வெச்சிருக்கீங்க.”

ராஜா தன் நெற்றியை மெதுவாகத் தடவிக்கொண்டார். பிறகு சீறினார். “அப்படியானால் இவர்கள் இனி ஒரு படிகூட என்னைத் தூக்கக் கூடாது!”

“உத்தரவு” என்றான் விருத்தகிரி. “கவலையில்லை மகாராஜா. குற்றமே தெரியாத பெரியவங்க பின்னாடியே வெறுங்கையோட வர்றாங்க. தளவாய், ராயசம், புரோகிதர், வைத்தியர்... எண்ணிப் பார்த்தா சரியா எட்டுப் பேர்.”

கவைக்கோல்கள் கைமாறின. தண்டு தோளில் ஏறியதுமே தளவாயின் வாயிலிருந்து ஒரு புதுச் சத்தம் வந்தது. போரில்கூட யாரும் கேட்டிராத சத்தம்.

“இடது காலை வையுங்கள் ராயசம்!”

“வைத்துவிட்டேனே! நீர்தான் வலதை வைக்கிறீர்!”

“ஐயோ, என் கழுத்து!” இது வைத்தியர்.

நாலாவது படியில் பல்லக்கு ஒருபக்கம் சாய்ந்தது. ஏழாவதில் ராஜாவின் தலை கூரைத் தண்டில் இடித்தது. பதினொன்றாவதில் புரோகிதர் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார், தண்டை விட்டுவிட்டு. பல்லக்கு பள்ளத்தைப் பார்த்துக் குனிந்தது. கீழே முந்நூறு படிப் பாறை. ராஜா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

“மொக்கையா!”

ஏழு பேரும் சட்டத்தை யோசிக்காமல் பாய்ந்து தாங்கினார்கள். பல்லக்கு நிமிர்ந்தது. பஞ்சநதம் படியில் மல்லாந்து கிடந்தார்.

“தாங்கிட்டாங்க மகாராஜா” என்றான் விருத்தகிரி. “மறுபடியும் ஒரு குற்றம். விடச் சொல்லட்டுமா?”

“விடச் சொன்னால் உன் தலையை எடுப்பேன்!”

“அப்ப ஒண்ணு பண்ணலாம். இவங்க குற்றவாளிங்கன்னா நீங்களும் குற்றவாளி, மேலே எல்லாருக்கும் ஒரே கோல். இல்லேன்னா யாரும் குற்றவாளி இல்லை. திருடினா தண்டிங்க, அடிச்சா தண்டிங்க, பல்லக்கைப் போட்டு உடைச்சா தண்டிங்க. சும்மா படுத்துத் தூங்கினவனுக்கு எதுக்குச் சூடு?”

ராஜா மேலே பார்த்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மல்லாந்து கிடக்கும் ராயசத்தின் நிலையைப் பார்த்ததாலோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பல்லக்கே குலுங்கியது.

“பஞ்சநதம், அந்த ஓலையைக் கிழியும். உம் கையாலேயே. மொக்கையா, தூக்கப்பா! வெயில் உச்சிக்கு வருவதற்குள் அங்கே இருக்க வேண்டும்!”

ஞானம் பிறந்ததா, நடக்க முடியாததா என்று விருத்தகிரி ஆராயவில்லை. எது வந்தாலும் போதும்.

ஏழு பேரும் தூக்கிய தூக்கில் அன்று படிகள் பறந்தன. மண்டபத்தை எட்டியபோது கோல் கனலைவிட்டு வெளியே வந்திருந்தது. இரண்டு காவலர்கள் செங்கோடனின் தலையைப் பிடித்திருந்தார்கள். “விடு!” என்றார் ராஜா. கோல் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ச் சீறியது. செங்கோடன் அழவில்லை. நெற்றியை மட்டும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தான்.

ராஜா விருத்தகிரியை மண்டபத்தின் ஓரத்துக்கு அழைத்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். “உனக்கு ஒரு பல்லக்கும் தருகிறேன்.”

“வேண்டாம் மகாராஜா. ஊர்ல இருக்கிற தோள் உங்களுக்கே பத்தலை.”

ராஜா மறுபடியும் சிரித்தார். “ஏழு பேரும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். செங்கோடன் மட்டும் அடித்தும் வாய் திறக்கவில்லை. அவன்தான் இருப்பதிலேயே பெரிய கஞ்சாக்குடியனோ?”

“எட்டுப் பேர்ல அதைத் தொடாதவன் அவன் ஒருத்தன்தான்.”

சிரிப்பு நின்றது. “பொட்டலம் அவன் மடியில் இருந்ததே?”

“வேற ஒருத்தருக்காக வாங்கிட்டு வந்தான். உபகாரம்.”

“முட்டாளே! அதை நேற்றே சொல்லியிருக்கலாமே! இவனை விட்டுவிட்டு அந்த ஆளைச் சுட்டிருப்போமே!”

“அதனாலதான் சொல்லலை. ஆள் மாறியிருக்கும், சட்டம் அப்படியே இருந்திருக்கும்.” போர்த்திய பட்டின் ஓரத்தைத் திருகினான். “பயமும் ஒரு காரணம். அதை மறைக்கிறதுக்கில்லை.”

“யாருக்காக வாங்கினான்?”

மண்டபத்தின் மறுபக்கத்தில் செங்கோடன் இன்னும் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தான். விருத்தகிரியால் அவன் பக்கம் நேராகப் பார்க்க முடியவில்லை.

“எனக்குத்தான் மகாராஜா” என்றான். “இருபது வருஷமா தினமும் உங்களைச் சிரிக்க வைக்கிறேன். சும்மா வருமா?”