தூக்கம் கலைந்த செல்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். சீடர் அருமைநாயகம், ரத்தநோய் டாக்டர். தலை நரைத்தபிறகு ஆராய்ச்சி கற்க வந்தவர். குரு விஞ்ஞானி திலகவதிக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

பாடம் இதுதான். பல் பிடுங்கிய வைரஸின் முதுகில் நல்ல மரபணுவை ஏற்றி, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லுக்குள் அனுப்ப வேண்டும். அந்தச் செல்களோ கும்பகர்ணன் பரம்பரை. தூக்கத்தில் வைரஸை உள்ளே விடா. ஊக்க மருந்து கொடுத்து எழுப்பினார் அருமைநாயகம். ஆசை யாரை விட்டது? குரு சொன்னதற்கு மேலும் இரண்டு நாள் விழிக்க வைத்தார். நூற்றுக்குத் தொண்ணூறு செல்லில் மரபணு ஏறிவிட்டது.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பிறவி ரத்தநோயால் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் சிறுமி ரிஸ்வானாவின் அம்மாவிடம் போய், "இனி கவலையே இல்லம்மா" என்றுவிட்டார். பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்தாயிற்று.

சில மாதம் கழித்து, அந்தச் செல்களை ஏற்றிய எலிகளின் எலும்பு மஜ்ஜையில் தேடினால் ஒன்றுகூட இல்லை.

"வைரஸ் போதலையோ, மேடம்?" கூசிப்போய்க் கேட்டார்.

திலகவதி அவரை வார்டுக்கு அழைத்துப் போனார். அந்த மாத ரத்தத்துக்காக வந்திருந்த ரிஸ்வானா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் ஏத்த ஊசி போடுங்க, டாக்டர்," என்றார் திலகவதி.

அருமைநாயகம் அவள் உள்ளங்காலை வருடினார். அவள் அரைக்கண் திறந்தாள். "ஒண்ணுமில்லடாம்மா" என்றபடியே ஊசியை ஏற்றினார். அவள் முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

"ஏன் முழுசா எழுப்பல?"

"எழுப்பிட்டா அப்புறம் தூங்கவே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். விழித்தே கிடந்த செல்கள் ஸ்டெம் செல்லாக இல்லாமல், சில நாளில் அழிந்துபோகும் சாதாரண ரத்தச் செல்களாக முதிர்ந்துவிட்டிருந்தன. அப்புறம் மஜ்ஜையில் தங்குவது யார்? அவருக்கு முகம் சுண்டிப்போனது.

அதற்குள் சிறுமியின் அம்மா பக்கத்தில் வந்தார். "இவ அண்ணனோட மஜ்ஜையை இவளுக்கு வச்சு குணமாக்கலாம், பொருந்துமான்னு பாக்கணும்னு ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க, டாக்டர். நீங்கதான் கவலையே இல்லன்னுட்டீங்களே, வேணாம்னு சொல்லிட்டேன்."

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அருமைநாயகத்துக்கு. திலகவதியை வெளியே அழைத்து வந்தார்.

"வெட்கமா இருக்கு, மேடம். அந்தம்மா முகத்தைப் பாக்க முடியல. அடுத்த தடவை சரியா வரட்டும், அப்ப எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"உங்க வெட்கம் ஆறட்டும்னு அந்தக் குழந்தையா காத்திருக்கணும், டாக்டர்?"