விளாம்பழ இடுக்கி யாருடையது?

விளாமரங்கள் மண்டிக் கிடந்த ஒரு காட்டில் பூவாயி என்றொரு கீரி இருந்தது. அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. வளைக்குள் மழைநீர் வந்தால் அதற்கு ஒரு மூடி, சாப்பாட்டில் எறும்பு ஏறினால் அதைத் தடுக்கச் சுற்றிலும் ஒரு தண்ணீர்த் தட்டு என்று எதையாவது செய்துகொண்டே இருக்கும்.

அந்தக் காட்டில் எல்லோருக்கும் விளாம்பழம் என்றால் உயிர். ஆனால் அதன் ஓடு இருக்கிறதே, அது கல்லேதான். பாறையில் ஓங்கி எறிந்தால்தான் உடையும். எறிந்த வேகத்தில் பாதிப் பழம் மண்ணோடு போய்விடும். பூவாயியின் மூன்று குட்டிகளும் பழத்தோடு மண்ணையும் நக்கி நக்கி, நாள் முழுக்க இருமிக்கொண்டிருந்தன. பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

பூவாயி இரண்டு கட்டைகளை எடுத்தது. ஒரு முனையில் இரண்டையும் நாரால் சேர்த்துக் கட்டியது. நடுவில் பழத்தை வைத்து அமுக்கியது. பழம் உடையவில்லை. வழுக்கிப் பறந்துபோய், அந்தப் பக்கம் போன மயிலின் முதுகில் விழுந்தது. மயில் மூன்று நாள் பூவாயியோடு பேசவில்லை. அப்புறம் நார் அறுந்தது. அப்புறம் கட்டை பிளந்தது. பூவாயியின் விரல்கூட ஒருமுறை நசுங்கியது. மழைக்காலம் முழுவதும் இதே கூத்துதான்.

கடைசியில் ஒரு காலையில் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். ஓடு சரிபாதியாகப் பிளந்தது. உள்ளே பழம் கிண்ணத்தில் வைத்தது மாதிரி அப்படியே இருந்தது.

பூவாயிக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம். வாலைத் தூக்கிக்கொண்டு மரத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. இன்னொரு பழத்தையும் உடைத்ததும், குட்டிகள் ஆளுக்கொரு பாதி ஓட்டை ஏந்திக்கொண்டு நக்கின. அன்றைக்கு ஒரு குட்டியும் இருமவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், அதைக் குளக்கரையில் இருக்கும் ஆமையாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் அங்குள்ள பாறையில் அந்தப் பொருளின் படத்தைக் கீறி, பக்கத்தில் கண்டுபிடித்தவரின் காலடித் தடத்தையும் கீறிவைப்பார். அதன் பிறகு அந்தப் பொருளை யார் செய்வதானாலும், பயன்படுத்துவதானாலும் தடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். ஒருமுறை கீறிவிட்டால் ஆமையாரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது.

குட்டிகளை ஓடைக்குக் கூட்டிப்போய் வாய் கழுவிவிட்டு, பிறகு ஆமையாரிடம் போகலாம் என்று பூவாயி நினைத்தது. இடுக்கியை வளை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனது.

சடையன் என்ற குரங்கு மரத்தின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. சடையனுக்கு வேலை செய்யப் பிடிக்காது. பேர் வாங்க மட்டும் கொள்ளை ஆசை. சட்டென்று இறங்கி இடுக்கியைத் தூக்கிக்கொண்டது. கீழ்க்கட்டையில் ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டு நின்றது. அது சடையனின் கண்ணை உறுத்தியது.

"இது எதற்கு இங்கே, பரு மாதிரி?" என்று முளையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குளக்கரைக்கு ஓடியது.

சேதி பரவியதும் காடே அங்கே திரண்டுவிட்டது. இனி விளாம்பழத்தில் மண் இருக்காது என்று சடையன் சொல்லச் சொல்ல, எல்லோரும் குதித்தார்கள். ஆமையார் மட்டும் குதிக்கவில்லை. அவருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. முதலில் தலையை வெளியே நீட்டினார். கீறும் கல்லைத் தேடினார். அதைக் கூர்தீட்டினார். "கொஞ்சம் சீக்கிரம், ஐயா" என்று சடையன் நெளிந்தது. அவர் மறுபடியும் கூர்தீட்டினார்.

அதற்குள் மைனா போய்ச் சொல்ல, பூவாயி குட்டிகளோடு மூச்சிரைக்க ஓடி வந்தது.

"ஐயா, கீறாதீர்கள். அது என் இடுக்கி."

"இப்போது யார் கையில் இருக்கிறது?" என்றது சடையன். "என் தடம் விழட்டும், அக்கா. பிறகு நீ இதைத் தொடக்கூட முடியாது."

தன் குட்டிகள் மறுபடியும் மண்ணைத் தின்ன வேண்டுமா என்று நினைத்ததும் பூவாயிக்குக் கண் கலங்கியது.

ஆமையார் கல்லைக் கீழே வைத்தார். "ஒன்று கேட்கிறேன். இதைச் செய்யும்போது எத்தனை முறை தவறிற்று?"

சடையன் நெஞ்சை நிமிர்த்தியது. "ஒருமுறைகூட இல்லை, ஐயா. நான் கை வைத்தால் முதல் தடவையே சரியாக வந்துவிடும்."

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பூவாயி தலையைக் குனிந்துகொண்டது. "ஒன்பது முறை தவறிற்று, ஐயா. பத்தாவது முறைதான் சரியாக வந்தது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒன்பது முறை கோட்டைவிட்ட கீரியா இதைச் செய்திருக்கும் என்று மான் கேட்டது, முயலும் ஆமாம் போட்டது. சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஆமையார் சிரிக்கவில்லை. ஒரு விளாம்பழத்தைச் சடையனிடம் உருட்டிவிட்டு, உடைத்துக் காட்டச் சொன்னார்.

சடையன் பழத்தை இடுக்கியில் வைத்தது. கூட்டத்தை ஒருமுறை பெருமையாகப் பார்த்தது. பிறகு மேல்கட்டையின் மேல் ஏறித் தொப்பென்று குதித்தது. 'சளக்.' இரண்டு கட்டைகளும் முழுவதுமாக மூடிக்கொண்டன. ஓடு தூள்தூளானது. பழம் நான்கு பக்கமும் பீச்சியடித்தது. மானின் கொம்பில் கொஞ்சம், ஆமையாரின் மூக்கில் கொஞ்சம், மீதி எல்லாம் சடையனின் கண்ணில்.

மான் தலையை உதறிக்கொண்டது.

"அது என்னுடைய ஒன்பதாவது தவறு, ஐயா" என்றது பூவாயி. "அதனால்தான் அங்கே ஒரு முளை வைத்தேன். கட்டை முழுக்க மூடாமல் அது தடுக்கும். ஓடு மட்டும் உடையும், பழம் நசுங்காது."

கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து, அளவாகக் கடித்து, முளை இருந்த துளையில் செருகியது. வேறொரு பழத்தை வைத்து மெல்ல அமுக்கியது. 'டக்.' இரண்டு கிண்ணங்கள் போல ஓடு விரிந்தது. இந்த முறை காடே அதிரும்படி ஆரவாரம் எழுந்தது. மூன்று குட்டிகளும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தன.

ஆமையார் மூக்கில் ஒட்டியிருந்த பழத்தை நக்கிப் பார்த்தார். பிறகு பூவாயியின் காலைப் பாறைமேல் வைக்கச் சொல்லி, தடத்தைச் சுற்றி நிதானமாகக் கீறினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நழுவப் பார்த்த சடையனை அவர் கூப்பிட்டார்.

"இன்றைக்குத்தான் உனக்கு முதல் தவறு நடந்திருக்கிறது, தம்பி. இன்னும் எட்டு பாக்கி இருக்கிறது. முடித்துவிட்டு வா."

நீதி: செய்து முடித்த பொருளைத் திருடலாம்; தவறித் தவறிப் பெற்ற அறிவைத் திருட முடியாது.