அடிக்காத முரசும் பறிமுதலான வாயும்

முன்னொரு காலத்தில், சேவலுக்கு முன்பே முரசு கூவி எழுப்பும் ஒரு தலைநகரம் இருந்தது. அது அரண்மனை முரசு அல்ல, சூதாட்டக் கூடங்களின் முரசு. "ஒரு காசு போடுங்க, ஒன்பது காசு எடுங்க!" என்று தெருவுக்குத் தெரு முழக்கம். ஒருநாள் நகர்வலம் வந்த மன்னர், ஒரு கூடத்தின் வாசலில் பந்தயப் பொருள்களுக்கு நடுவே ஒரு தொட்டிலைக் கண்டார். அதன் துணியில் ஈரம் இன்னும் காயவில்லை.

திரும்பியதும் விகடகவி மருதக்கூத்தனை அழைத்தார்.

"கூத்தா, சூதின் குரலை அடைக்க ஓர் ஆணை எழுது. எறும்பு நுழையவும் அதில் இடம் இருக்கக் கூடாது."

சபையைச் சிரிக்க வைப்பது கூத்தனின் தொழில். ஆனால் எதையும் மூன்று முறை சரிபார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சபையே சிரித்த நகைச்சுவையைக்கூட, சரியாகத்தான் சொன்னோமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிப்பவன். ஒரு வாரம் எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். காசு போட்டு ஆடும் எந்த ஆட்டத்தையும், எந்தக் குலுக்கலையும் முரசறைந்தோ, துணியில் எழுதியோ, வாயால் சொல்லியோ, பாட்டாகப் பாடியோ ஊருக்கு அறிவிக்கக் கூடாது. மீறினால், அறிவிக்கப் பயன்பட்ட கருவி பறிமுதல்.

மறுநாள் ஊர் அடங்கியது. தங்கள் ஊர் ஆற்றுக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த ஆற்றங்கரையில் ஒரு கண் சாலை இருந்தது. புரை விழுந்த கண்களுக்கு மருத்துவச்சி நல்லமங்கை அங்கே காசு வாங்காமல் சிகிச்சை செய்தாள். ஆண்டுதோறும் தைப் பௌர்ணமியன்று சாலையில் ஒரு குலுக்கல் நடக்கும். ஒரு காசு போட்டால் பெயர் எழுதிய ஓலை நறுக்கு ஒன்று பானைக்குள் போகும். எந்த நறுக்கு கையில் வருகிறதோ அவருக்குக் கன்றோடு ஒரு கறவை மாடு. சேர்ந்த காசில்தான் நோயாளிகளுக்கு ஓராண்டுக் கஞ்சியும் மருந்தும். இந்த ஆண்டு குலுக்கலைச் சொல்ல முரசு இல்லை. பௌர்ணமிக்கு ஏழு நாள் இருக்கையில் பானைக்குள் பதினொரு நறுக்குகளே கிடந்தன.

கருவூலத் தலைவர் அரங்கநாயகர் சபைக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அரசே, கூத்தனின் ஆணை குருடர்களின் கஞ்சியில் கை வைத்துவிட்டது. கருணைகூர்ந்து அதைக் கிழித்துவிடுங்கள்."

சூதாட்டக் கூடங்களிலிருந்து மாதந்தோறும் இவர் வீட்டுக்குப் பலகாரத் தட்டு போவது ஊரறிந்தது. தட்டின் அடியில் இருப்பது பலகாரம் அல்ல என்பதும் ஊரறிந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. அதுதான் கூத்தனைச் சுட்டது.

"கண் சாலைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால்?" என்றார் மன்னர்.

"வேண்டாம், அரசே," என்றான் கூத்தன். "ஊரில் அப்படி ஒரு பேச்சு முன்பே கிளம்பியது. அது காதில் விழுந்ததுமே மூன்று சூதாட்டக் கூடங்கள் வாசலில் ஒரு தண்ணீர்ப் பானையை வைத்துத் தர்மச் சாலை என்று பெயர் சூட்டிக்கொண்டன."

மன்னருக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில்தான் அவருக்கு விபரீத ஆசைகள் பிறக்கும்.

"அப்படியானால், உன் ஆணையில் ஓர் எழுத்தும் மீறாமல் பௌர்ணமிக்குள் அந்தப் பானையை நிரப்பு. முடியாவிட்டால் ஆணையைக் கிழிப்பேன். சூதாட்டக் கூடத்தின் முதல் முரசை நீயே அடிக்க வேண்டும்!"

கூத்தன் கண் சாலைக்குப் போனான். உப்பு விற்கும் பேச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பார்வை மங்கி ஒன்பது ஆண்டுகள்.

"நீதானா அந்த ஆணை எழுதுன மவராசன்? எறும்பு நுழையாத ஆணைன்னாக. எறும்பும் நுழையல, எங்க கஞ்சியும் நுழையல."

கூத்தன் விரல் மடக்கினான். முரசு, துணி, வாய், பாட்டு. நான்கும் அடைபட்டிருந்தன. அடைத்தவன் அவனே. மறுபடியும் முதல் விரலிலிருந்து எண்ணினான்.

மறுநாள் காலை முரசறையும் இடும்பனைத் தேடிப் போனான்.

"அடிக்காமத் தூக்கிக்கிட்டு நடக்கவா? கை அரிக்குமே சாமி!"

"அதனால்தான் சொல்கிறேன், முரசடிக்கும் குணிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வா."

இடும்பன் முரசைச் சுமந்து முன்னால் நடந்தான். ஓர் எழுத்தும் இல்லாத வெள்ளைத் துணியைக் கழியில் கட்டிக் கூத்தன் பின்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் பேச்சியும் கண் சாலையின் நாற்பது பேரும், ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வந்தார்கள். தினமும் ஆற்றுக்கு அப்படித்தான் போவார்கள். அன்று கொஞ்சம் சுற்றுவழி.

"என்னய்யா சேதி?" என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். கூத்தன் வாயைத் திறந்தான், கையால் பொத்திக்கொண்டான், நடந்தான்.

மூன்றாம் நாள் கடைவீதி முனையில் திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். நாற்பதாவது ஆளின் தோளில் ஒரு தச்சனின் கை இருந்தது. தச்சன் தோளில் ஒரு தயிர்க்காரியின் கை. அவளுக்குப் பின்னால் தெரு முடியும் வரை, அதற்கப்பால் கோட்டை மதில் வரை, தோள்மேல் கையாக ஊரே நின்றது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. புழுதியில் கால்கள் தேயும் ஒலி தவிர வேறொன்றும் இல்லை. கூத்தனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவை அவன் கணக்குப் போட்டிருக்கவில்லை.

அப்போதுதான் அரங்கநாயகரின் காவலர்கள் வந்து அவனைப் பிடித்தார்கள். ஊரும் பின்தொடர்ந்து அரண்மனை முற்றத்தை நிறைத்தது.

"அரசே, இவன் ஆணையை மீறிவிட்டான்!" என்றார் அரங்கநாயகர்.

"முரசு அடிபடவில்லை. துணியில் எழுத்தில்லை. நான் பேசவில்லை, பாடவுமில்லை," என்றான் கூத்தன்.

"ஆனாலும் அறிவித்தாய்!"

"எதை அறிவித்தேன், ஐயா? குற்றத்தைச் சொல்லாமல் தண்டனை கேட்கலாமா?"

"எதையா? பௌர்ணமியன்று ஆற்றங்கரைக் கண் சாலையில் குலுக்கல் என்பதை! ஒரு காசு போட்டால் கன்றோடு கறவை மாடு என்பதை!"

கடைசி வரிசையிலிருந்த கிழவருக்கும் கேட்கும்படி கத்தினார். முற்றத்திலிருந்து பேச்சியின் குரல் எழுந்தது.

"ஆத்தீ, இப்பத்தான் வெவரமாச் சொன்னாரு!"

கூத்தன் ஆணை ஓலையைப் பணிவோடு மன்னரிடம் நீட்டினான். மன்னர் கடைசி வரியைப் படித்தார். அவருடைய மீசை துடித்தது.

"அரங்கநாயகரே, அறிவிக்கப் பயன்பட்ட கருவி உம்முடைய வாய். பறிமுதல் செய்ய வேண்டுமே!"

அரங்கநாயகர் இரு கைகளாலும் வாயை மூடிக்கொண்டார். கூத்தன் குறுக்கிட்டான்.

"அரசே, வெட்டி எடுத்தால் கருவி கெட்டுவிடும். பௌர்ணமி வரை கண் சாலையின் பொறுப்பில் இருக்கட்டும். ஆள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளட்டும்."

அன்று முதல் கருவூலத் தலைவர் முரட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல், நோயாளிகளைக் கைபிடித்து ஆற்றுக்கு அழைத்துப் போனார். மறுநாள் பேச்சிக்குச் சிகிச்சை நடந்தது. கட்டுப் போட்ட கண்களோடு அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு திட்டினாள்.

"ஊமத் தம்பி, மெதுவா நட. உனக்கென்ன, கருவூலம் கொள்ள போவுதா?"

பிறகு மனசு கேட்காமல், முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து நல்லமங்கையிடம் கொடுத்தாள். "ஊமத் தம்பி பேருல ஒரு நறுக்குப் போடு தாயி."

பௌர்ணமியன்று மாலை மன்னரே வந்தார். பானை நிரம்பி, இன்னும் நான்கு பானைகளும் நிரம்பியிருந்தன. ஊர் திரண்டிருந்தது. ஆனால் வாய் பறிபோகும் என்ற பயத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நல்லமங்கை ஒரு நறுக்கை எடுத்தாள், படித்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டுக் கயிற்றை ஒருவர் கையில் கொடுத்தாள். அதுவும் சத்தமில்லாமல் நடந்தது.

"ஒருத்தனும் வரலையாக்கும்," என்று பேச்சி முணுமுணுத்தாள். "நாளையிலேருந்து சூதாட்ட முரசுதான்."

நல்லமங்கை அவள் கட்டை அவிழ்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பேச்சி இமைகளைத் திறந்தாள். மாலை வெயிலில் ஆறு தெரிந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் முகங்கள் தெரிந்தன. படிக்கட்டில், மதிலில், மரக்கிளையில், கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் முகங்கள்.

"ஆத்தாடி… இத்தன சனமா! நான் தனியா உக்காந்திருக்கேன்னுல்ல நெனச்சேன்!"

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூத்தன் எதையும் சரிபார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப மாடு யாருக்கு விழுந்துச்சு?"

கேட்டதும் ஊர் முழுவதும் உதட்டில் விரலை வைத்தது. பிறகு அத்தனை கைகளும் ஒரே பக்கம் நீண்டன. அங்கே முரட்டு வேட்டியோடு அரங்கநாயகர் கயிற்றைப் பிடித்து நிற்க, கன்று அவர் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது.

மன்னர் சிரித்தார். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகுதான் ஊரும் சிரித்தது. கரை மரங்களில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

"அரங்கநாயகரே, உம் வாயைத் திருப்பித் தந்தோம். ஆணை நிற்கும். ஆண்டுதோறும் எம் அரச முரசும் அடிபடாமல் இந்த வழியே நடக்கும்," என்று சொல்லித் தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார்.

கருவூலத் தலைவர் நெடுநேரம் மாட்டையும் பேச்சியையும் மாறிமாறிப் பார்த்தார். திரும்பக் கிடைத்த வாயால் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"அரசே, இது இங்கேயே நிற்கட்டும். பால் இவர்களுக்கு. ஆனால் தீவனம் யார் போடுவது?"

"நீதான் போடணும், தம்பி," என்றாள் பேச்சி, அவரை நேராகப் பார்த்து.