பிள்ளையை மடியில் கொடுத்த சீனியம்மையார்

மேற்கு மலைச் சாரல் வந்து தொடும் ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனையில், பச்சிளங் குழந்தைகள் பிரிவைக் கழுவித் துடைக்கும் வேலை சீனியம்மையாருடையது. ஒப்பந்த ஊழியர். அங்கே அவரை ‘ஏ சீனி’ என்றார்கள், ‘ஆயா’ என்றார்கள், பெயரே இல்லாதவர்போல் கையைத் தட்டியும் கூப்பிட்டார்கள். நாம் அம்மையார் என்போம். அந்தச் சொல்லுக்கு அவரை விடத் தகுந்தவர் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் இல்லை.

காலையில் துடைப்பத்தைத் தொடுமுன் மருத்துவமனைப் பின்புறத்து வேம்படிக்குப் போவார். மஞ்சள் பூசிய ஒரு கல் அங்கே இருந்தது. அதுதான் பேச்சியம்மன். பிள்ளை பெறுகிறவளையும் பிறந்த பிள்ளையையும் காக்கிறவள். பெரிய கோயிலின் கருவறைப் பக்கம் அம்மையாரின் தெருக்காரர்களை யாரும் அழைத்ததில்லை. பேச்சி அப்படியெல்லாம் பார்ப்பதில்லை. அம்மையார் நின்றபடியே சொல்வார்: “தாயே, இன்னைக்கு எந்தப் புள்ளையும் போவ வேண்டாம். போயே ஆவணும்னா என் கை வழியாப் போவட்டும்.” அவ்வளவுதான் அவருடைய பூசை.

ஆனாலும் சில நாட்களில் பிள்ளைகள் போகத்தான் செய்தன. குறை மாதத்தில் பிறந்தவை, மூச்சுத் திணறி வந்தவை, எடை ஏறாதவை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிள்ளை அடங்கிவிட்டால் அங்கே எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். மருத்துவர் கேஸ் ஷீட்டைப் புரட்டுவார். நர்ஸ் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். அம்மையாருக்கு மட்டும்தான் அப்போது வேலை தொடங்கும். பாத்திரம் கழுவும் அறையில் வெந்நீர் வைப்பார். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார், உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பார்ப்பது போலவே. பிளாஸ்திரி ஒட்டிய இடங்களில் எண்ணெய் தொட்டுத் தோல் உரியாமல் எடுப்பார். குளிப்பாட்டித் துவட்டி, வெள்ளைத் துணியில் சுற்றித் தாயின் மடியில் வைப்பார். “புள்ளைக்கு என்ன பேரு?” என்று கேட்பார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே பேசுவார்.

ஆறுதல் என்று ஒன்றும் சொல்லமாட்டார். அது அவர் எடுத்துக்கொண்ட விரதம். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தாயிடம் எல்லோரையும் போல, “விடு தாயி, வயசு கெடக்கு, அடுத்த வருசமே ஒண்ணப் பெத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “ஒங்க வலது கைய வெட்டிப் போட்டா, அதான் இடது கை இருக்கேன்னு சொல்லுவியளா?” என்றாள். அன்று இரவு அம்மையாருக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அந்த வாக்கியமும் அதன் உறவுக்கார வாக்கியங்களும் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

இதற்கெல்லாம் ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் மட்டும் நிற்காது. மார் கல்லாகக் கட்டிக்கொள்ளும், சுரம் வரும். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் கைவைத்தியம். அதனால் அம்மையார் நாள்தோறும் இரண்டு முழம் பூ வாங்குவார். அம்மையாரின் கணவர் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்டவர், ஏறி வரவில்லை. விதவை பூ வாங்கினால் தெரு சும்மா இருக்குமா?

“ஏட்டி, புருசன் போயி பதினோரு வருசம் ஆச்சு, நித்தம் ரெண்டு முழம் கேக்குதாளே, யாருக்கு வச்சுக் காட்டவாம்?” என்பாள் பூக்கடையில் நிற்கிற ஒருத்தி.

“புள்ள பெத்தவளுக்கு” என்று சொல்லிவிட்டு அம்மையார் நடந்துவிடுவார். விளக்கம் சொல்லி நிற்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஜெபராஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். “ஒங்க பேச்சி புள்ளைகளக் காக்குத சாமின்னு சொல்லுதிய. இங்க மாசந்தவறாமப் போகுதே, லீவு போட்டுட்டாளோ?”

“பொழைக்க வைக்க டாக்டரு இருக்காவ, மிசினு இருக்கு சார். போன புள்ளையப் பாக்க யாரு இருக்கா? அவ அந்த எடத்துலதான் நிக்கா. நீங்க அந்தப் பக்கமே வாரதில்ல, அதான் கண்ணுல படல.”

ஜெபராஜ் அதற்குப் பிறகு சாமியைப் பற்றிப் பேசவில்லை. காகிதத்தைக் கொண்டு வந்தார்.

ஒரு குடும்பம் துக்கத்தில் வார்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டதால் நிர்வாகம் போட்ட உத்தரவு அது. இறந்த சிசுவின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் பின்வாசலில் ஆண் உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். குளிப்பாட்டுவது, காட்டுவது எதுவும் வார்டில் கூடாது. மீறினால் வேலை இல்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதிய அந்தத் தாளில் ‘தாய்’ என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. ஊர் வழக்கமும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. செத்த சிசுவைப் பெற்றவளுக்குக் காட்டமாட்டார்கள். ஆண்கள் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வந்து, மறந்துவிடு என்பார்கள். ஊர் நூறு வருடமாகச் செய்த தப்புக்கு ஆபீஸ் முத்திரை குத்திக் கொடுத்தது.

அந்த ஆடிச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பிரமு என்ற பெண்ணின் ஆறு நாள் பிள்ளை அடங்கினான்.

பிரமு மூன்றாவது மாடியில் கிடந்தாள். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தவர்கள் நேரே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனதால், அவள் மகனை ஒரு முறைகூடத் தூக்கவில்லை. அவள் பீய்ச்சித் தருகிற பாலைக் கிண்ணத்தில் வாங்கிக் கீழே கொண்டு போவது அம்மையார்தான். அன்றும் மேலே போனார். விஷயம் அவளுக்குத் தெரியாது. கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“எக்கா, இன்னைக்கு நெறைய வந்திருக்கு. பூராத்தையும் குடிக்கானான்னு பாருங்க.”

அவளுக்குப் பின்னால் நின்ற மாமியார் சண்முகத்தாய், சொல்லாதே என்று கண்ணால் அதட்டினாள். அம்மையார் கிண்ணத்தை வாங்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. “வச்சிரு தாயி. டாக்டரம்மாவக் கூட்டிட்டு வாரேன்” என்று இறங்கினார்.

மருத்துவர் மெர்லின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆறு நாளும் அந்தப் பிள்ளையோடு போராடியவர். தோற்றுப்போனதைச் சொல்லத்தான் அவருக்கு எந்தப் பாடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“அவங்க வீட்டுல சொல்லக் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாங்கம்மா” என்றார்.

“பெத்தவ எழுதிக் குடுத்தாளா?”

மருத்துவர் எழுந்தார். படியேறிப் போய், பிரமுவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பிரமு, உன் பையன் பத்து மணிக்கு இறந்துட்டான். எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம், காப்பாத்த முடியல. நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல” என்றார். சுற்றி வளைக்கவில்லை, ஓடிப்போகவும் இல்லை. அவள் அலறி முடியும்வரை கையை விடாமல் இருந்தார். “எம்புள்ளையக் காட்டுங்க” என்று அவள் கேட்டாள். சரி என்றார். அதற்குள் கீழே இன்னொரு பிள்ளைக்கு மூச்சு திணறுவதாக ஆள் வந்தது. எழுந்து ஓடினார்.

அம்மையார் கீழே தண்ணீர் காய வைத்துவிட்டார். கதவில் ஜெபராஜ் வந்து நின்றார்.

“பதினொரு மணிக்கு வண்டி வந்துரும். நீங்க அந்தப் புள்ளையக் குளிப்பாட்டுனா, அந்த ஈரக் கையோட வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். நாளைக்கு வராதிய.”

“சரி சார். இப்ப சித்த தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்.”

வேலை போனால் அடுத்த வாரம் அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த நேரத்தில் நினைத்தது அதை அல்ல. லிஃப்ட் ஓடவில்லை. பிரமுவால் படி இறங்க முடியாது. இந்தப் பிள்ளை பின்வாசல் வழியாகப் போய்விட்டால், அவள் ஆயுசுக்கும் ஒரு முகம் இல்லாமல் அழுவாள்.

“என்ன செய்யணும்?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

கருத்த, உயரமான ஒரு நர்ஸ். இரண்டு பக்கமும் மூக்குத்தி. பழைய காலத்து வெள்ளைச் சேலை. புதிதாக மாற்றலில் வந்தவராக இருக்கும் என்று நினைத்து, பிள்ளையின் தலையைத் தாங்கிய கையை எடுக்காமலே அம்மையார் சொன்னார்: “மூணாவது மாடியில பிரமுன்னு ஒரு புள்ள சிஸ்டர். நடக்க மாட்டா. எப்படியாது கொண்டாந்துருங்க. போற போக்குல இந்த அழுக்குத் தண்ணி வாளியையும் ஊத்திருங்க.”

அந்த நர்ஸ் வாளியை எடுத்தாள். ஊற்றினாள். கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். பிறகு மேலே போனாள்.

படியில் சண்முகத்தாய் இரண்டு கையையும் விரித்து மறித்தாள். “எம் மருமவளக் கொண்டு போவக் கூடாது! பாத்தா தாங்க மாட்டா, பைத்தியமாயிருவா!”

பிரமுவைக் கைப்பிள்ளை போலத் தூக்கி வந்த நர்ஸ் ஒரே சொல்தான் சொன்னாள்.

“தள்ளு.”

சண்முகத்தாய் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஏன் நகர்ந்தோம் என்று அப்புறம் எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

பாத்திரம் கழுவும் அறையின் தரையில் நர்ஸ் சம்மணமிட்டு அமர்ந்து, பிரமுவைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அம்மையார் பிள்ளையைக் கொண்டு வந்தார். “என்ன பேரு நெனச்சு வச்சிருந்தே?”

“இளமாறன்னு…”

“இளமாறன் குளிச்சிட்டு வந்திருக்கான். வாங்கிக்கோ தாயி.”

பிரமு வாங்கினாள். துணியை விலக்கி விரல்களை எண்ணினாள். உள்ளங்காலைக் கன்னத்தில் வைத்தாள். இடது காதுக்குப் பின்னால் எள்ளளவு ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்தாள். “வாயில ஒரு சொட்டு வைக்கட்டுமாக்கா?” என்று கேட்டாள். “வையி” என்றார் அம்மையார். உதட்டில் பாலைத் தொட்டு வைத்தாள். அதன்பிறகு அழுதாள். அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அழுகை ஓய்ந்த பிறகு, தகப்பன் கொம்பையாவைக் கூப்பிட்டு அவன் கையிலும் பிள்ளையைக் கொடுத்தார். அது வரை பின்வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றவன், மகனைத் தொட்டதும் நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வண்டி காத்திருந்தது. காத்திருக்கட்டும். அம்மையார் பிரமுவின் மாரில் பூவை வைத்துக் கட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

அன்றே அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். போகும்போது வார்டை ஒரு தரம் துடைத்துவிட்டுப் போனார்.

விசாரணை பத்தாம் நாள் வைத்தார்கள். கண்காணிப்பாளர் அறையில் ஜெபராஜ், மருத்துவர் மெர்லின், புகார் கொடுத்த சண்முகத்தாய், அவள் தோளைப் பிடித்து நடந்து வந்த பிரமு எல்லோரும் இருந்தார்கள். அம்மையாருக்கு மட்டும் நாற்காலி போடவில்லை. அவர் நின்றார்.

“உத்தரவை மீறினீங்களா?” என்றார் கண்காணிப்பாளர்.

“ஆமா சார். திரும்பச் சேத்துக்கிட்டா திரும்பவும் செய்வேன். அதையும் இப்பவே சொல்லிருதேன்.”

ஜெபராஜ் வாயைத் திறக்குமுன் சண்முகத்தாய் எழுந்தாள். “புகாரு நான்தான் குடுத்தேன். அதக் கிழிச்சிருங்க.”

“ஏம்மா?”

“எம் மவன் கொம்பையாவுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பொறந்து, எறந்து போச்சு. ஆணா பொண்ணான்னுகூட இன்ன வரைக்கும் எனக்குத் தெரியாது சார். யாரும் சொல்லல, நானும் கேக்கல. என் மருமவ ராத்திரி எல்லாம் அழுதா. அழுதுட்டு, ‘அத்தே, அவனுக்குக் காதுக்குப் பின்னால மச்சம்’னு என்கிட்ட சொல்லுதா. சொல்லுறதுக்கு அவளுக்கு ஒரு மச்சம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?”

 கண்காணிப்பாளர் புகாரைத் தள்ளி வைத்தார். “சரி. ஆனா ஆபரேஷன் ஆன பொண்ணை மூணு மாடி தூக்கிட்டு வந்த நர்ஸ் யாரு? அது பெரிய தப்பு. அவங்களைக் கூப்பிடுங்க.”

எல்லா ஷிப்டு நர்சுகளும் வந்தார்கள். இவர் இல்லை, இவரும் இல்லை என்றாள் சண்முகத்தாய். வருகைப் பதிவைப் புரட்டினார்கள். மாற்றலில் யாரும் வந்திருக்கவில்லை. “நானும் பாத்தேன் சார், ரெண்டு மூக்குத்தி” என்றார் ஜெபராஜ். அவர் குரல் இறங்கியிருந்தது.

பிரமு மெதுவாகப் பேசினாள். “அவுக தூக்கையில தையல் வலிக்கவே இல்ல சார். சேலையெல்லாம் எம் பாலு நனைஞ்சி போச்சு. மன்னிச்சிருங்கன்னேன். ‘இருக்கட்டும்டி, எனக்கு இது புதுசா?’ன்னாவ.”

அம்மையார் சுவரைப் பிடித்தார். அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். கணவர் இறந்தபோது கூட்டத்தின் முன்னால் அழாத கண்கள் கொட்டின.

“அடிப் பாதகத்தி! பேச்சியவா அழுக்கு வாளியத் தூக்கச் சொன்னேன்? தாயே, மூஞ்சியக்கூட ஏறிட்டுப் பாக்காம ஒன்ன வேல வாங்கிட்டனே!”

அந்த அறையில் யார் எந்தச் சாமியை நம்பினார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மருத்துவர் மெர்லின் தன் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் அம்மையாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் பழைய உத்தரவை எடுத்து மருத்துவரிடம் நீட்டினார். அவர் அதை அடித்துவிட்டு மறுபக்கம் புதிதாக எழுதினார். முதல் வரி இது: தாயிடம் கேட்க வேண்டும். அன்று பிற்பகலே அம்மையார் வேலைக்குத் திரும்பினார். ஒரு மருத்துவர், ஒரு நர்ஸ், ஓர் ஆயா மூவரும் பிள்ளையைக் கொடுக்கும்போது உடன் இருக்க வேண்டும் என்று ஆயிற்று.

தவம் கிடந்தவர்களுக்குத் தெய்வம் காட்சி தந்திருக்கலாம், வரம் கொடுத்திருக்கலாம். சீனியம்மையாரிடம் மட்டும் அது வேலை கேட்டு வந்தது. சொன்ன வேலையை முகம் கோணாமல் செய்துவிட்டும் போனது. போன பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்த அந்த வாயும், வெந்நீரின் சூடு பார்த்த அந்த முழங்கையும் நெடுங்காலம் வாழ்க.