அணில் வீட்டுக்கு வந்த நிவாரணம்

குளக்கரைத் தென்னை ஒன்றின் உச்சியில் ஓர் அணில் குடும்பம் கூடு கட்டியிருந்தது. புயல் வந்தது. தென்னை வேரோடு சாய்ந்தது. கூடு குளத்தோடு போனது.

குட்டிகள் பிழைத்ததே பெரிய விஷயம்! அம்மா அணில் அவற்றை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வந்து, விழுந்த மரத்தின் பொந்தில் வைத்தது. முடிகூட முளைக்காத குட்டிகள். பொந்தெல்லாம் ஈரம். வெடவெடவென்று நடுங்கின.

"இன்னொரு மழை அடிச்சா பிள்ளைங்க தாங்காது. காஞ்ச நார் கிடைக்குதான்னு பார்க்கிறேன்," என்று ஓடிய அப்பா அணில் வெறுங்கையோடு திரும்பியது. கரை முழுக்க நனைந்து கிடந்தது.

அதற்குள் சேதி பரவிவிட்டது.

முதலில் காக்கா வந்தது. "அக்கா! அக்கா! கேட்டதுமே பறந்து வந்துட்டேங்க்கா! இந்தாங்க, நெத்திலிக் கருவாடு! எங்க சுட்டேன்னு மட்டும் கேட்காதீங்க!"

நாற்றம் தாங்காமல் அப்பா அணில் வாலால் மூக்கைப் பொத்தியது. அம்மா அணிலோ, "ரொம்ப நன்றி தம்பி!" என்றது.

அடுத்து தவளை. "க்ர்ரக்! கொசு! க்ர்ரக்! இப்பதான் பிடிச்சேன்! புத்தம் புதுசு!"

"ரொம்ப நன்றிண்ணே!"

பிறகு கொக்கு. ஒற்றைக்காலில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "அல்லலுறும் அணில் குடும்பமே! இந்தக் கொக்கு இருக்கும்வரை நீங்கள் கலங்க வேண்டாம்!"

சொல்லிவிட்டு உயிருள்ள கெளுத்தி ஒன்றைப் பொந்துக்குள் போட்டது. மீன் துள்ளித் துள்ளி, குட்டிகள் மேலெல்லாம் தண்ணீரைத் தெளித்தது.

"ரொம்ப... ரொம்ப நன்றிங்கய்யா!"

கடைசியில் எருமை. "பாவம்... பிள்ளைக்காரி... சாப்பிடு... தாயி..." என்று, பாதி மென்ற கோரைப்புல்லை வாசலில் கொட்டியது. வாசலே அடைபட்டது.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லேன்!" என்று கத்தியது அப்பா அணில்.

"சும்மா இருங்க! காக்கா கூடும்தான் புயல்ல போச்சு. அப்பவும் நமக்குன்னு கொண்டு வருது. மனசு நோகப் பேசலாமா?"

"நீ நன்றி சொல்லிச் சொல்லியே பிள்ளைங்களுக்குப் படுக்க இடமில்லாமப் போச்சு!"

அப்போது கடைக்குட்டியின் நடுக்கம் நின்றது. அம்மா அணில் தொட்டுப் பார்த்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

"க்ர்ரக்! மழை வருது!" என்று தவளை கத்தியது.

"அக்கா, இன்னொரு கருவாடு..." என்று காக்கா வந்து இறங்கியது.

அம்மா அணில் வெடித்துவிட்டது. "கருவாடு வேணாம் தம்பி! நாங்க அதைத் தின்னவே மாட்டோம்! மீனும் வேணாம், கொசுவும் வேணாம்! பிள்ளை சில்லிட்டுப் போச்சு! காஞ்ச இடம் வேணும்!"

கத்திவிட்டு வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

காக்காவின் வாயிலிருந்து கருவாடு நழுவியது. "அட என்னக்கா! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மேட்டுக் கருவேல முள்ளுல பழைய தூக்கணாங்குருவிக் கூடு ஒண்ணு சிக்கிக் கிடக்கு. தண்ணி நிக்காத மேடு, புயல் விட்டதும் அடிச்ச வெயில்லயே காஞ்சு சருகா இருக்கு! கொக்கு மாமா, வாங்க!"

கொக்கு சொற்பொழிவையே மறந்து பறந்தது. இருவரும் ஆளுக்கொரு முனையாகக் கூட்டைக் கவ்வி வந்து, விழுந்த மரத்தின் அடியில் மழை படாத இடமாகப் பார்த்து வைத்தார்கள். குட்டிகள் உள்ளே போயின.

"நான்... என்ன... செய்யட்டும்... தாயி?" என்றது எருமை.

"காத்தை மறைச்சுப் படுத்துக்கங்கண்ணே!"

"க்ர்ரக்! நான்?"

"நீங்க கத்தாம இருந்தாப் போதும்ணே! பிள்ளைங்க தூங்கட்டும்!"

மழை கொட்டியது. அன்று மழையில் வாய் மூடிக் கிடந்த ஒரே தவளை அதுதான்!

கூட்டுக்குள் கதகதப்பு ஏறியது. கொஞ்ச நேரத்தில் கடைக்குட்டி அசைந்தது. வாயைத் திறந்து பால் தேடியது.

அம்மா அணில் குட்டிக்குப் பால் கொடுத்து முடித்ததும், மழையில் இறங்கி ஓடி, நனைந்து கிடந்த எருமையின் மூக்கைத் தன் வாலால் துடைத்துவிட்டது.

நமக்கு என்ன தேவை என்று வாய்விட்டுச் சொல்வதும், உதவ வந்தவர்களுக்கு நாம் காட்டும் நன்றிதான்.